கேம் கன்சோல் இரைகிறதா, சுடுகிறதா? ஸ்க்ரூடிரைவரை எடுக்க முன்னும் பின்னும்: முழுமையான வழிகாட்டி

பி.எஸ்.4 புரோ, பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மூன்றில் ஒன்றை வைத்திருந்து, 4கே ரிவியில் விளையாடும்போது அது இரைந்து, சூடாகி, சிலவேளை தானாகவே நின்றும் விடுகிறது என்றால் இது உங்களுக்கானது. திருகோணமலையில் எங்கள் தெருப் பெடியன்களுடைய கன்சோல்களைக் கழற்றிப் பூட்டிப் பழகியதில் ஒன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. சத்தம் கேட்டவுடன் எல்லோரும் ஸ்க்ரூடிரைவரைத்தான் தேடுகிறார்கள். கடைசியில் செய்ய வேண்டியது அது.

படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இடத்தை மாற்றி, செட்டிங்கை மாற்றி, தூசும் தட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால், எதனால் குணமானது என்று தெரியாமலே போய்விடும். பிறகு அதே சத்தம் திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

அறை வெப்பநிலை காட்டும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று. இதை யாரும் வாங்குவதில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அதிகம் உதவும். அடுத்து, பெயின்ட் படாத புதிய ஒரு அங்குல பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, பல்லுக் குச்சி, ஒடுங்கிய வாய் உள்ள வேக்யூம் கிளீனர். கீழே விரிக்க ஒரு வெள்ளைப் பெட்ஷீட். வெள்ளை ஏன் என்றால், விழுந்த கறுப்பு ஸ்க்ரூ அதில் உடனே கண்ணில் படும்.

உள்ளே திறக்கப் போகிறவர்களுக்கு நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பி.எஸ்.4 வகைகளில் ஸ்க்ரூவின் நடுவே சின்ன முளை இருக்கும், அதனால் நுனியில் துளை உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். துளை இல்லாததை வைத்து அழுத்தினால் ஸ்க்ரூத் தலை தேய்ந்து, அதற்குப் பிறகு எதற்கும் பிடி கொடுக்காது.

வேண்டாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து கன்சோலை டயர் கடைக் கம்பிரசருக்குக் கொண்டு போகாதீர்கள். ஒரு தம்பி அப்படி அடித்துக்கொண்டு வந்தான். திறந்து பார்த்தால் தூசு போகவில்லை. குழாயிலிருந்த தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து, சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையில் சேறு மாதிரி அப்பிக் கிடந்தது. விசிறியின் ஓர் இதழும் உடைந்திருந்தது.

2. எந்தச் சத்தம் என்று காது கொடுத்துக் கேளுங்கள்

“அண்ணா, சீனன்குடாவில பிளேன் எழும்புற மாதிரிச் சத்தம்” என்றுதான் பெரும்பாலும் வந்து சொல்வார்கள். சத்தங்கள் ஒரே வகை இல்லை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

மெல்லத் தொடங்கிப் படிப்படியாகக் கூடும் காற்றிரைச்சல் என்றால் அது வெப்பம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. கடகடவென்றோ டிக்டிக்கென்றோ ஒரே தாளத்தில் வந்தால் விசிறியில் ஏதோ உரசுகிறது, அல்லது அதன் பேரிங் தேய்ந்துவிட்டது. நுளம்பு ரீங்காரம் போல மெல்லிய கூர்மையான ஒலி வந்து, காட்சி மாறும்போது அதுவும் மாறினால், அது மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. துப்பரவு செய்து அதை நிறுத்த முடியாது, அதனால் ஆபத்தும் இல்லை. டிஸ்க் போட்ட உடனே உறுமி, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் அது டிஸ்க் டிரைவ்.

இரைச்சலே இல்லாமல் திடீரென நின்றுவிட்டால்? பி.எஸ்.4 உம் பி.எஸ்.5 உம் அதிகம் சூடானால் திரையில் எச்சரிக்கை காட்டும். அப்படி ஒன்றும் வராமல் நின்றால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பல கருவிகள் தொங்கும் மல்ரி பிளக்கிலிருந்து கழற்றி, நேரே சுவர்ப் பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

3. அறையை அளந்து, ஓர் ஆரம்பக் கணக்கு எழுதுங்கள்

சோனி தன் கன்சோல்களுக்குக் கொடுத்திருக்கும் இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ். இப்போது எங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில், மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் உள்ள அறை அந்த 35ஐத் தாண்டி நிற்கும். மாடி அறைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பகல் முழுக்கச் சூடு வாங்கிய கொங்கிரீட் தட்டு இரவிலும் அதை விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே குளிர்ந்துவிட்டது என்று நினைத்து எட்டு மணிக்கு விளையாட உட்காருவோம், அறைக்குள் வெக்கை அப்படியே இருக்கும்.

விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துத்தான் குளிர்விக்கிறது. இழுக்கும் காற்றே 36 பாகை என்றால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் உள்ளே அதைவிடக் குளிராது. அப்படியான நேரத்தில் வரும் இரைச்சல் பழுது அல்ல, விசிறி தன் வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே கணக்கு இப்படி: வெப்பமானியைக் கன்சோலின் காற்று உள்ளே போகும் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒரே விளையாட்டை, ஒரே இடத்திலிருந்து 30 நிமிடம் விளையாடுங்கள். தொடங்கியபோது எத்தனை பாகை, எத்தனையாவது நிமிடத்தில் இரைச்சல் கூடியது, முடிவில் எத்தனை பாகை என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும், முடிந்தவரை அதே பொழுதில் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

வெப்பமானி 30 நிமிடத்தில் ஐந்தாறு பாகை ஏறியிருந்தால், அறை அவ்வளவு சூடாகவில்லை. கன்சோல் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கிறது. அடுத்த படி அதற்குத்தான்.

4. இடத்தை மாற்றுங்கள்

எங்கள் பக்கத்து வீடுகளில் ரிவி ஷோகேஸில்தான் இருக்கும். கீழ்த் தட்டில் கண்ணாடிக் கதவு, அதற்குள் கன்சோல், மேலே அம்மா பின்னிய லேஸ் துணி, துணிக்கு மேல் ஒரு குட்டிப் பூச்சாடி. பார்க்க வடிவுதான். ஆனால் பி.எஸ்.5 பாரமான விளையாட்டில் ஏறத்தாழ 200 வோட் மின்சாரம் எடுக்கிறது. எடுத்தது முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். பழைய 100 வோட் குண்டு பல்ப் இரண்டை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? அதேதான்.

கன்சோலை வெளியே எடுங்கள். பி.எஸ்.5 ஐச் சுவரிலிருந்து குறைந்தது 10 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கும்படி அதன் கையேடே சொல்கிறது. நான் ஒரு முழு சாண் விடச் சொல்வேன். முன்பக்கத்தால் காற்று உள்ளே போகும், பின்பக்கத்தால் வெளியே வரும். பி.எஸ்.4 வகைகளிலும் சூடு பின்னால்தான் வெளியேறும். சீரிஸ் எக்ஸ் அப்படியல்ல. நிமிர்த்தி வைத்தால் சூட்டுக்காற்று அதன் உச்சியால் வரும், ஆகவே அதன் தலையில் கொன்ட்ரோலரைக்கூட வைக்காதீர்கள்.

தரையிலும் வைக்க வேண்டாம், பாயிலோ கார்ப்பெட்டிலோ வைக்கவே வேண்டாம். தும்புத்தடியால் கூட்டும் ஒவ்வொரு தடவையும் எழும்பும் தூசு நேரே உள்ளே போகும். முழங்கால் உயரத்துக்கு ஒரு வெறும் மேசை போதும்.

புதியவர்கள் இங்கே விடும் பிழை, ஷோகேஸின் கதவை மட்டும் திறந்து வைப்பது. முன்பக்கம் திறந்தாலும் பின்பலகை மூடித்தான் இருக்கிறது. சூட்டுக்காற்று பலகையில் முட்டி, கன்சோலைச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்து, திரும்ப உள்ளேயே போகும். வெளியே எடுக்கவே முடியாது என்றால் பின்பலகையைக் கழற்றிவிடுங்கள்.

எங்களுக்கென்று இன்னும் ஒரு விஷயம். உப்புவெளி, நிலாவெளி, டச்பே போலக் கடலுக்குக் கிட்ட வீடு உள்ளவர்கள், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கன்சோலை வைக்காதீர்கள். காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உலர்ந்த தூசு பிரஷ் பட்டாலே உதிரும், உப்புப் பட்ட தூசு பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஸ்க்ரூக்களில் கறளும் ஏறும். சாம்பிராணிப் புகையும் நுளம்புச் சுருள் புகையும் அப்படித்தான், விசிறி இதழில் ஒரு பிசுபிசுப்பான படலமாகப் படியும். சுருளை அறையின் மறுமூலையில் கொளுத்துங்கள்.

5. அறைக் காற்றை வழிக்குக் கொண்டுவாருங்கள்

மேசை மின்விசிறியைக் கன்சோலின் பின்புறத்தை நோக்கி வைப்பது அடிக்கடி காணும் தவறு. வெளியே வர வேண்டிய காற்றை அது எதிர்த்துத் தள்ளும். முன்பக்கம் அல்லது பக்கவாட்டில், ஒரு மீற்றர் தள்ளி வைத்து, பின்னால் தேங்கும் சூட்டுக்காற்றை அடித்துக்கொண்டு போகும்படி திருப்பிவிடுங்கள். சீலிங் ஃபேன் மட்டும் ஓடுகிறது என்றால், எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைத் திறவுங்கள். மூடிய அறையில் அது அதே சூட்டைத்தான் கலக்கிக்கொண்டிருக்கும்.

கன்சோலின் பின்னால் செருகும் குட்டி விசிறிகள் கடைகளில் கிடைக்கும். நான் யாருக்கும் சொல்வதில்லை. கன்சோலின் விசிறிக்கு ஒத்துப்போகாத வேகத்தில் சுற்றி, காற்றின் வழியை அவையே மறித்துவிடலாம். மேலதிகச் சத்தமும் சேரும்.

6. படத்தின் பாரத்தைக் குறையுங்கள்

4கே படம் ஒன்றில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். சாதாரண 1080பி படத்தில் அதன் கால்வாசி, 21 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போடும் வேலைதான் வெப்பமாகிறது. 43 அங்குல ரிவிக்குப் பத்தடி தள்ளிக் கதிரை போட்டிருந்தால், இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. விசிறிக்குத் தெரியும்.

பி.எஸ்.4 புரோவில் இரண்டு இடங்களைப் பாருங்கள். செட்டிங்ஸ், சவுண்ட் அண்ட் ஸ்கிரீன், வீடியோ அவுட்புட் செட்டிங்ஸ் என்று போய், ரெசலூஷனை 1080பிக்கு இறக்குங்கள். அதே பக்கத்தில் சூப்பர்சாம்ப்ளிங் மோட் என்று ஒன்று இருக்கும், அதையும் நிறுத்துங்கள். இரண்டாவதை மறந்தால் முதலாவது வீண். ரிவிக்கு 1080பி போனாலும், உள்ளே பெரிய படத்தை வரைந்து சுருக்கி அனுப்பும் வேலை தொடர்ந்துகொண்டிருக்கும். பலர் “இறக்கியும் ஒன்றும் மாறவில்லையே” என்று சலிப்பது இந்த இடத்தில்தான்.

பி.எஸ்.5 இல் பர்ஃபாமன்ஸ் மோடுக்கு, அதாவது படத் தெளிவைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் தெரிவுக்குப் போனால் குளிரும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். எப்போதும் அப்படி நடக்காது. ரெசலூஷன் குறைந்தாலும் ஒரு விநாடிக்கு வரையும் படங்கள் இரட்டிப்பாகின்றன, மொத்த வேலை ஏறக்குறைய அதேதான். சூட்டைக் கூட்டுவது வரம்பில்லாத பிரேம் வேகம், அதாவது விநாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை. விளையாட்டின் செட்டிங்கில் 30 அல்லது 60 என்று கட்டுப்படுத்த இடமிருந்தால் கட்டுங்கள். ரிவி 120 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 120 படம் காட்டுவது) என்றால், வீடியோ அவுட்புட்டில் 120 ஹேர்ட்ஸை நிறுத்தி 30 நிமிடச் சோதனையை ஒரு தடவை செய்து பாருங்கள். இரண்டு மோடையும் உங்கள் வீட்டு வெப்பமானியை வைத்தே ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில விளையாட்டுகளில் சண்டையை விட வரைபடமும் மெனுவும் அதிக இரைச்சலைத் தரும். வரைய ஒன்றுமில்லாத திரையைக் கன்சோல் முடிந்தவரை வேகமாகத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பதுதான் காரணம். சாப்பிடக் கூப்பிட்டால் மெனுவில் விட்டுப் போகாதீர்கள். ஹோம் திரைக்கு வந்துவிட்டுப் போங்கள்.

7. வெளித் தூசு

கன்சோலை முழுதாக நிறுத்துங்கள். ரெஸ்ட் மோட் போதாது. பிளக்கையும் எல்லா வயர்களையும் கழற்றி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிரஷால் துவாரங்களைத் தட்டிக்கொண்டே, வேக்யூம் வாயை இரண்டு விரல் தூரத்தில் பிடியுங்கள். உள்ளே ஊதாதீர்கள், ஊதினால் வாசலில் இருக்கும் தூசு ஹீட்சிங்கில் போய் அடையும். ஈரத் துணி வேண்டாம்.

சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கன்சோல்கள் இந்தப் படியோடு அடங்கிவிட்டன. அடங்கினால் மேலே போக வேண்டாம்.

8. பி.எஸ்.5: இரண்டு மூடியும்

பி.எஸ்.5 இன் பக்க மூடிகளைக் கழற்ற ஸ்க்ரூ தேவையில்லை. 2020இல் வந்த பெரிய மாடலில், நிறுத்தும் தளத்தைக் கழற்றிவிட்டுப் பெட்ஷீட்டில் படுக்க வையுங்கள். மூடியின் ஒரு மூலையைக் கொஞ்சமாகத் தூக்கி, ‘டக்’ என்று பிடி விட்டதும் பக்கவாட்டில் தள்ளுங்கள். நேரே மேலே பிடுங்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் உடையும். பிந்திய மெல்லிய மாடலில் மூடிகள் நான்கு துண்டு, கழற்றும் விதமும் வேறு. உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பெரிய மாடலின் விசிறி 120 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் தடிப்பு, இரு பக்கத்தாலும் காற்றிழுப்பது. ஒரு மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டு “முடிந்தது” என்பவர்கள் மறுபக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் கழற்றுங்கள்.

விசிறி இதழ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காற்றை வெட்டும் விளிம்பில் சாம்பல் நிறத்தில் பஞ்சுத்திரி போல ஒரு கோடு ஓடும். கடலோர வீடுகளில் அது பிரஷுக்கு வராது, பல்லுக் குச்சியால் மெல்ல உரித்தால் தோல் உரிவது போல ஒரே நாடாவாகக் கழன்று வரும். அப்போதெல்லாம் மறுகை விரலால் விசிறியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேக்யூம் காற்றில் விசிறி வெறிபிடித்துச் சுற்றினால் பேரிங் கெடும், சுற்றும்போது அதில் உண்டாகும் மின்சாரம் போர்டுக்கும் நல்லதல்ல.

விசிறியின் கிட்ட, தூசு சேர்வதற்கென்றே அமைத்த இரண்டு சிறு துவாரங்கள் இருக்கும். வேக்யூம் வாயை அவற்றில் வைத்து இழுங்கள். பிறகு மூடிகளைப் பூட்டுங்கள். பி.எஸ்.5 இல் வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

9. பி.எஸ்.4 புரோவும் எக்ஸ்பாக்ஸும்

இவற்றில் தூசு அடையும் இடத்துக்குப் போக உள்ளே திறக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் திறக்காதீர்கள். முடிந்திருந்தால், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்ற முன் போனில் படம் எடுங்கள். வரிசை வரிசையாகச் சோடா மூடிகளில் போட்டு வையுங்கள், நீளம் மாறிப் போன ஸ்க்ரூ போர்டைத் துளைக்கும். தட்டையான நாடா வயர்களை இழுக்காதீர்கள், பூட்டுள்ள இடத்தில் பூட்டைத் தூக்கிவிட்டு எடுங்கள்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளைத் தாக்கக்கூடிய மின்சாரம் தேங்கி நிற்கும். வெளியிலிருந்து பிரஷ் போடுங்கள். கதகதப்பைத் தேடிக் கரப்பான் குடியேறுவதும் இங்கேதான். எச்சமோ முட்டைக் கூடோ தெரிந்தால் பழகிய திருத்துநரிடம் கொடுங்கள்.

10. பேஸ்ட் மாற்றுவது

மேலே உள்ள எல்லாம் செய்தும், குளிர்ந்த அறையில், விளையாட்டுத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இரைச்சல் உச்சத்துக்குப் போனால்தான் சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த அதன் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம் என்று நினைக்க வேண்டும். பல வருடம் ஓடிய பி.எஸ்.4 புரோவில் இது நடக்கும். பழையதைத் துடைக்க 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் தேவை. பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், காயப் பிந்தும். புதிய பேஸ்ட் ஒரு பயற்றளவு போதும். அள்ளிப் பூசினால் சுற்றிலும் வழியும், குளிர்ச்சி கூடாது.

பி.எஸ்.5 இல் இதைச் செய்யாதீர்கள். அதில் இருப்பது பேஸ்ட் அல்ல, திரவ உலோகம். மின்சாரம் கடத்தும். ஒரு துளி போர்டில் தெறித்தால் கன்சோல் முடிந்தது.

11. பூட்டிய பிறகு

முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். உரசும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், பெரும்பாலும் ஒரு வயர் விசிறிக்குள் தலை நீட்டியிருக்கும். சரி என்றால் 30 நிமிடச் சோதனையைச் செய்து, முதல் நாள் எழுதிய கணக்குக்குக் கீழே இதையும் திகதியோடு எழுதுங்கள்.

வெளித் தூசை மாதம் ஒருமுறை தட்டுங்கள். பி.எஸ்.5 மூடிகளை வருடத்தில் இரு தடவை கழற்றினால் போதும். கச்சான் தொடங்க முன் சித்திரையில் ஒன்று, அது அடங்கி மாரி மழை வர முன் புரட்டாதியில் ஒன்று. மழைக்கு முன் செய்வது முக்கியம், ஈரம் ஏறினால் அந்தத் தூசு திரும்பப் பசையாகிவிடும்.

விளையாட்டின் நடுவே வெப்ப எச்சரிக்கை வந்தால் பிளக்கைப் பிடுங்காதீர்கள். சேவ் செய்து, மெனு வழியாக நிறுத்துங்கள். அறை வெப்பமானியைப் பாருங்கள். அது 35க்கு மேல் நின்றால், அன்று விளையாட்டை இரவு பத்து மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.